என் தங்கையின் நாடிக்கு முன்னால்

என் தங்கை ஸ்ரெல்லா பௌதிகவியலில் பட்டம் பெற்றவள். பண்டத்தரிப்புப் பக்கத்தில் உள்ள ஒரு பாடசாலையில் ஒன்பது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். குருநகரில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் பிள்ளை அவள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், அவர்கள் நினைப்பது சரி. நான் எட்டாம் வகுப்போடு வள்ளம் ஏறியவன். அவளுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம்.

அவளைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் பயத்தைப் பற்றி எழுத வேண்டும். கடற்கரையில் வளர்ந்தவள், ஆனால் இன்றுவரை வள்ளத்தில் கால் வைத்ததில்லை. பக்கத்தில் கோழி சிறகடித்தாலும் கண்ணை மூடுவாள். தொண்ணூற்றைந்தில் நாங்கள் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கிடந்தபோது அவளுக்கு ஐந்து வயது. இரவில் ஷெல் வெடிக்கிற வெளிச்சம் தெரிந்தால் உடனே எண்ணத் தொடங்குவாள். சத்தம் வருவதற்குள் இருபது வரை எண்ணிவிட்டால் தூங்கிவிடுவாள். ஐந்துக்குள் வந்தால் அம்மாவுக்குக் கீழே புகுந்துகொள்வாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்தாள். பிற்காலத்தில் அவள் படித்ததெல்லாம் அங்கே தொடங்கியது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு இலக்கம் கையில் இருந்தால் அவளுக்குப் பயம் அடங்கிவிடும்.

என் பயத்துக்கு இலக்கம் கிடையாது. அப்பா காலமான பிறகு அவளை நான்தான் பார்த்தேன். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போய்விடுவேன். பல்கலைக்கழகத்தில் அவள் படித்த நாலு வருடமும், கடலுக்குப் போகாத நாட்களில் வாசலில் போய் நின்றிருக்கிறேன். எங்கள் அம்மா கத்தரீனா என் பெயரை இழுத்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"கொலின்ஸ் பயப்பிட்டதெல்லாம் நடந்திருந்தால் உவள் பதினைஞ்சுதரம் செத்திருப்பாள்."

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் புயல் வருகிறது என்று நான் பாடசாலைக்கே தொலைபேசி எடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். அன்று பின்னேரம் நல்ல வெயில். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆசிரியர் அறையில் அவளைக் கேலி செய்யாமல் விடவில்லையாம். "ரீச்சர், இண்டைக்குக் கண்டீனுக்குப் போகலாமோ? அண்ணையிட்டைக் கேட்டனீங்களோ?" இப்படிக் கேட்டவர்களில் முதல் ஆள் யதுசன் மாஸ்ரர். கணிதம் படிப்பிக்கிற இளம் ஆள். நல்ல பிள்ளைதான், ஆனால் வாய் சும்மா இராது.

போன தவணையில் அந்தப் பாடசாலையின் பழைய மாணவர்கள் கனடாவிலிருந்து ஒரு சென்சர் அனுப்பினார்கள். அசைகிற பொருள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்கிற கருவி. சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, முன்னால் வட்டமாக ஒரு வலைக்கண். வயர் ஒன்றும் இல்லை. அது டிக் டிக் என்று சத்தம் விட்டு, அந்தச் சத்தம் பொருளில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். கணித்ததை ரப்லெற் என்ற கைக்கணினிக்கு அனுப்பும். ரப்லெற்றில் கோடு ஓடும். எங்கள் வள்ளத்தில் மீன் பார்க்கிற பெட்டியும் இதே வேலையைத்தான் கீழ்நோக்கிச் செய்கிறது. அதனால் எனக்கு உடனே பிடிபட்டது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, என்னை அதன் முன்னால் நடக்கச் சொன்னாள். ஒரே வேகத்தில் நடந்தால் கோடு நேராகச் சரிந்து வர வேண்டுமாம். என்னுடைய கோடு வளைந்து வளைந்து போனது.

"அண்ணை கடலுக்கு மேலை நடக்கிற மாதிரியெல்லோ நடக்கிறார்" என்றாள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் நன்றாக நடக்கப் பழகிவிட்டார்களாம். சுவரில் ஒரு கோட்டைக் காட்டினால், அதே கோடு வரும்படி முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார்களாம். வரைபு என்றால் ஓடி ஒளிக்கிற பிள்ளைகள் இப்போது தாங்களே வந்து வரிசையில் நிற்கிறார்களாம். இந்தச் செய்தி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், ஆசிரிய ஆலோசகர் தயாளினி அம்மா ஒரு திங்கட்கிழமை பாடம் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. கூட இன்னும் மூன்று பேர்.

அன்றைக்கு என்ன செய்யப் போகிறாள் என்று அவள் சொன்னது அதற்குப் பிறகுதான்.

மண்டபத்துக் கூரைக் குழாயிலிருந்து ஒரு பாரமான குண்டைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். ஊசல் என்பார்கள். அவள் ஒரு இடத்தில் நின்று, குண்டைத் தன் நாடிக்கு, அதாவது மோவாய்க்கு, முன்னால் பிடித்து, தள்ளாமல் விடுவாள். குண்டு போய்த் திரும்பி வரும். அவள் அசையமாட்டாள். விட்ட இடத்தைத் தாண்டி அது வராது என்பதுதான் பாடம். காற்றும் கயிறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதால் ஒவ்வொருமுறையும் அது சற்று முன்னாலேயே நின்று திரும்பும். எதிர்ப் பக்கத்தில் மேசை மேல் இருக்கும் சென்சர் ஒவ்வொரு ஆட்டத்தின் தூரத்தையும் அளந்து, புரொஜெக்ரர் வழியாகச் சுவரில் காட்டும். பத்து ஆட்டம் வரை அவள் நிற்க வேண்டும்.

"சின்னப் பந்து ஒண்டைக் கட்டினால் என்ன?" என்று கேட்டேன்.

"சின்னப் பந்துக்கு ஆர் பயப்பிடுவினம்? பிள்ளையளுக்குப் பயம் வரவேணும் அண்ணை. பயம் வந்தால்தான் இலக்கத்தைப் பார்ப்பினம்."

"உனக்குக் கோழிக்கே கண் மூடும்."

"அதுதான் நான் நிக்கிறன். பயமில்லாத ஆள் நிண்டு என்ன பிரியோசனம்?"

குண்டை நான்தான் செய்தேன். வலையில் கட்டுகிற பெரிய பிளாஸ்ரிக் மிதப்பு ஒன்றை வெட்டி, உள்ளே சீமெந்து நிரப்பி, நடுவில் இரும்பு வளையம் வைத்து இறுக விட்டேன். மீன் தராசில் நிறுத்தேன். எட்டுக் கிலோ எழுநூறு கிராம். சனிக்கிழமை காலை அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனோம். பன்னிரண்டு மில்லிமீற்றர் நைலோன் கயிறு, புதிது. ஏணியில் ஏறி, குழாயைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி, மேலே இரண்டு முடிச்சுப் போட்டேன். குழாயிலிருந்து குண்டு வரைக்கும் மூன்று மீற்றர் நாற்பது சென்ரிமீற்றர். முதலில் நானே கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். பிறகு யதுசன் மாஸ்ரரையும் பிடித்துத் தொங்கச் சொன்னேன்.

"என்னைத் தூக்குற கயிறு குண்டைத் தூக்காதோ?" என்றார் அவர், கால் இரண்டும் அந்தரத்தில் தொங்க.

விடும்போது சென்சருக்கும் குண்டுக்கும் இடையில் இரண்டு மீற்றர் ஐம்பது சென்ரிமீற்றர். அவள் நாடி குண்டில் முட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். நான் கெஞ்சி நாலு விரல் இடைவெளி வாங்கினேன். எட்டுச் சென்ரிமீற்றர். அதாவது திரையில் இரண்டு ஐம்பத்தெட்டு என்று வந்தால் குண்டு அவள் முகத்தில். இந்தக் கணக்கை நான் கொப்பியில் எழுதினேன். அன்றைக்கு அவள் நிற்காமல், வெறுமனே ஆட்டிப் பார்த்தபோது வந்த தூரங்களையும் எழுதினேன்: இரண்டு நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, நாற்பத்துநாலு. ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர் குறைந்துகொண்டே போனது. ஒரு ஆட்டத்துக்கு மூன்று தசம் ஏழு செக்கன்.

இவ்வளவும் சரி. திரும்பி வரும் வழியில் அவள் என்னிடம் ஒரு வாக்குக் கேட்டாள்.

"திங்கட்கிழமை நீங்கள் மண்டபத்திலை நிக்கலாம். ஏணி பிடிக்க ஆள் வேணும். ஆனால் வாய் திறக்கப்படாது. நீங்கள் அங்கை பயந்து ஏதும் சொன்னால் நான் பிறகு உந்தப் பள்ளிக்கூடத்திலை தலை நிமிர ஏலாது. அந்தப் புயல் ஒண்டே போதும்."

"சரி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, விருந்தினர் வருகிறார்கள் என்று மண்டபத்துக்குப் பெயின்ற் அடித்தார்கள். கூரைக் குழாய்களுக்கும் அடித்தார்கள். அதற்காகக் கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். திங்கள் காலை நாங்கள் போனபோது அது ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. ஏழரைக்குக் காலைக்கூட்டம். எட்டேகாலுக்குப் பாடம். காலைக்கூட்டம் முடியும்வரை மண்டபத்துக்குள் ஏணி வைக்க விடவில்லை. எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு நிமிடம். கீழே பிள்ளைகள் கதிரை இழுத்துப் போடுகிறார்கள், வாசலில் வாகனம் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. நான் கட்டினேன். தொங்கிப் பார்த்தேன். தாங்கியது. இறங்கி ஏணியை எடுத்தேன்.

பாடம் தொடங்கியது. முன்வரிசையில் தயாளினி அம்மாவும் மற்ற மூன்று பேரும். பின்னால் நாற்பத்திரண்டு பிள்ளைகள். நான் ஏணியோடு பக்கச் சுவரில். ரப்லெற் யதுசன் மாஸ்ரரின் கையில் இருந்தது. சுவரில் பெரிதாகக் கோடும், ஒவ்வொரு ஆட்டத்திலும் குண்டு போன ஆகக்கூடிய தூரமும் விழும். ஸ்ரெல்லா கடல் நீலச் சேலை உடுத்தியிருந்தாள். குண்டை இரண்டு கையாலும் தூக்கி நாடிக்கு முன்னால் பிடித்தாள். சென்சர் டிக் டிக் என்று தொடங்கியது. அவள் வாய்க்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திராது.

"நான் தள்ளமாட்டன். விடுறன். அவ்வளவுதான்" என்றாள் பிள்ளைகளிடம். "நீங்கள் என்னைப் பாக்க வேண்டாம். சுவரிலை இலக்கத்தைப் பாருங்கோ."

விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலாவது. குண்டு போய், மேசைப் பக்கம் நின்று, திரும்பி வந்தது. பெண் பிள்ளைகள் சிலர் முகத்தைப் பொத்தினார்கள். குண்டு நாடிக்கு முன்னால் ஒரு கணம் நின்று திரும்பியது. இரண்டு நாற்பத்தொன்பது. கைதட்டினார்கள்.

இரண்டாவது. இரண்டு நாற்பத்தொன்பது.

நான் கொப்பியைப் பார்த்தேன். சனிக்கிழமை இரண்டாவது நாற்பத்தெட்டு. ஒரு சென்ரிமீற்றர்தானே என்று நினைத்தேன். ஒரு சென்ரிமீற்றருக்காக வாய் திறந்தால் நான்தான் புயல் அண்ணை.

மூன்றாவது. இரண்டு ஐம்பது.

அது விட்ட இடத்துக்கே வந்துவிட்டது. அப்படி வராது என்பதுதான் அன்றைய பாடம். முன்வரிசையில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குண்டைப் பார்த்தார்களே தவிர இலக்கத்தை யாரும் பார்க்கவில்லை. யதுசன் மாஸ்ரர் ரப்லெற்றை விட்டுவிட்டுத் தன் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கயிறு நீளுகிறதோ என்று குண்டின் அடியைப் பார்த்தேன். நீளவில்லை. மேலே பார்த்தேன். யன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தது, ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது. இரண்டு ஐம்பத்திரண்டு.

"ஸ்ரெல்லா, பின்னாலை வா" என்றேன்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யதுசன் மாஸ்ரர் மெதுவாக, "அண்ணை, புயலோ?" என்றார். ஸ்ரெல்லா கண்ணைத் திறக்கவில்லை. உதட்டை மட்டும் இறுக்கினாள். சின்னனில் நான் பஸ் நிலையத்தில் வந்து நிற்கும்போது செய்கிற அதே இறுக்கம். அவள் அசையமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் இன்னும் பலமாகச் சொன்னால் இன்னும் உறுதியாக நிற்பாள்.

குண்டு மேசைப் பக்கம் போய்விட்டு வந்துகொண்டிருந்தது. எனக்கும் அவளுக்கும் இடையில் பதினைந்து அடி. நடுவில் கதிரைகள். ஐந்தாவது. அவள் நாடிக்கு முன்னால் ஒன்றரை விரல்தான் இடைவெளி. அவள் சேலைத் தலைப்பு காற்றில் அசைந்தது.

"நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைஞ்சு" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. குரலும் உயரவில்லை.

அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். கண்ணை அதற்குப் பிறகுதான் திறந்தாள்.

ஆறாவது. குண்டு அவள் நின்ற இடத்தைத் தாண்டி வந்து நின்று திரும்பியது. சுவரில் இரண்டு அறுபது.

யாரும் கைதட்டவில்லை. குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தயாளினி அம்மா எழுந்து நின்றுவிட்டார். யதுசன் மாஸ்ரரின் தொலைபேசி கீழே விழுந்து கிடந்தது. நான் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு போய்க் குண்டைக் கட்டிப்பிடித்து நிறுத்தினேன். என் நெஞ்சில் நன்றாக இடித்தது. அந்த இடி அவள் முகத்தில் விழுந்திருந்தால் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஏணியை வைத்து ஏறினேன். கயிறு குழாயில் இருபது சென்ரிமீற்றர் அவள் பக்கமாக நகர்ந்திருந்தது. புதுப் பெயின்ற்றில் வழுக்கின தடம் பளபளவென்று தெரிந்தது. அந்தக் குழாய் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு. ஆனால் பிழை பெயின்ற்றில் இல்லை, சரிவிலும் இல்லை. என் கட்டைப் பார்த்தேன். நாலு சுற்று இல்லை. ஒரு தளர்ந்த வளையமும் ஒரு முடிச்சும். வள்ளத்தைக் கம்பத்தில் கட்டுகிற கட்டு. தண்ணீர் ஏறி இறங்கும்போது வள்ளம் தொங்கிவிடாமல் கயிறும் கம்பத்தில் ஏறி இறங்க வேண்டும், அதற்காக நாங்கள் வளையத்தைத் தளர்த்தித்தான் கட்டுவோம். முப்பது வருடமாக ஒவ்வொரு நாளும் கட்டுகிறேன். பன்னிரண்டு நிமிட அவசரத்தில் என் கை தனக்குத் தெரிந்ததைக் கட்டிவிட்டது. அறுந்து விழாது. எத்தனை பேர் தொங்கினாலும் தாங்கும். நகரும், அவ்வளவுதான்.

இறங்கி வந்து எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "நான் கட்டினது பிழை. வள்ளம் கட்டுற மாதிரிக் கட்டிப்போட்டன்."

தயாளினி அம்மா, "ரீச்சர், கொஞ்சம் இருங்கோ, தண்ணி குடியுங்கோ" என்றார். ஸ்ரெல்லா உட்காரவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்தாள். சனிக்கிழமை இலக்கங்களை என் கொப்பியிலிருந்து பார்த்துக் கரும்பலகையில் ஒரு வரிசையாக எழுதினாள். பக்கத்தில் அன்றைய இலக்கங்கள்.

"ஒண்டிலிருந்து மற்றதைக் கழியுங்கோ. என்ன வருது?"

பிள்ளைகள் குனிந்து கொப்பியில் கழித்தார்கள். பிறகு இரண்டாம் வரிசையில் ஒரு பிள்ளை எழும்பியது. "ரீச்சர், பூச்சியம், ஒண்டு, மூண்டு, ஆறு, பத்து, பதினாறு. குண்டு கூடுதலா ஆடேல்லை. மேலை கயிறுதான் அவ்வளவு நகர்ந்திருக்கு."

"ஓம்" என்றாள் ஸ்ரெல்லா. "குண்டிலை பிழையில்லை."

மீதி இருபது நிமிடமும் அதையே படிப்பித்தாள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, முன்வரிசையில் இருந்த நாலு பேரும் பிள்ளைகளோடு சேர்ந்து கழித்துப் பார்த்தார்கள்.

பாடசாலை விட்டபின் மோட்டார் சைக்கிளில் வந்தோம். மானிப்பாய் தாண்டிக்கொண்டிருந்தோம். அவள் என் சட்டையைப் பின்னால் இறுகப் பிடித்திருந்தாள்.

"அண்ணை, எத்தினையாவதிலை கண்டனீங்கள்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ரெண்டாவதிலை."

அவள் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரைக்கும் மூன்று ஆட்டம். ஒரு ஆட்டம் மூன்று தசம் ஏழு செக்கன். பதினொரு செக்கன். நானும் எண்ணி முடித்திருந்தேன். அந்தப் பதினொரு செக்கனும் நான் அவள் முகத்தையும் இலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் வீதிக்கு ஓடியவன், அன்றைக்கு நிச்சயமாகட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அப்ப ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"சிரிப்பினமெண்டு."

ஆனைக்கோட்டைச் சந்தியில் ஒரு லொறிக்கு வழிவிட்டு நின்றோம். லொறி போன பிறகும் நான் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமை பத்து பீ வகுப்புக்குச் செய்யவேணும்" என்றாள் பின்னாலிருந்து. "அவையும் பாக்கவேணுமாம். பள்ளிக்கூட அதிபர் ஓமெண்டிட்டார். நாலு சுத்து. பிறகு கயிறு நகராமல் ரெண்டு பக்கமும் தடுப்புக் கட்டை. நீங்கள் சுத்தேக்கை நான் கீழை நிண்டு எண்ணுவன்."

"வேறை ஆரையாவது கொண்டு கட்டுவி, பிள்ளை."

"ஆரை?"

எனக்குத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கைச் சூசைதாசன் நன்றாகக் கட்டுவான், ஆனால் எழுதிவைக்கமாட்டான். யதுசன் மாஸ்ரர் முடிச்சுப் போடத் தெரியாதவர். மற்றவர்கள் எல்லோரும் என்னைப்போல வள்ளம் கட்டுகிறவர்கள். ஒருவரையும் அந்த ஏணியில் ஏற்ற எனக்குத் துணிவு வரவில்லை. என்னை ஏற்றவும் வரவில்லை.

"எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டேன்.

"ஆறு."

"அஞ்சரைக்கு வாறன்" என்றேன்.